எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குமுன்: பிராண்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் எந்த பிராண்டு நல்லது?

கிட்டாரின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே உருவத்தில் பல தரங்கள் வருகின்றன. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரையே (சுருக்கமாக ஸ்ட்ராட்) எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஃபெண்டரின் துணை பிராண்டான ஸ்குவயரின் சோனிக், அதற்கு மேல் அஃபினிட்டி, அடுத்து கிளாசிக் வைப். அதைத் தாண்டினால் மெக்சிகோவில் தயாராகும் ஃபெண்டர் பிளேயர். உச்சியில் கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் தயாராகும் அமெரிக்கன் வரிசைகள். சோனிக்குக்கும் அமெரிக்கன் அல்ட்ராவுக்கும் விலையில் சுமார் பத்து மடங்கு இடைவெளி. இதில் எதைக் கையில் வைத்துக்கொண்டு "ஃபெண்டர் நல்லதா?" என்று கேட்கிறோம்?

ஏறத்தாழ ஒரே விலையில் நிற்கும் கிட்டார்களைத்தான் ஒப்பிட வேண்டும். ஸ்குவயர் கிளாசிக் வைப், எபிஃபோன் லெஸ் பால் ஸ்டூடியோ, ஐபனேஸ் ஆர்ஜி 421 ஆகியவை ஒரு வட்டம். யமஹா பசிஃபிகா 112 சற்றுக் கீழே நின்றாலும் இவற்றோடு மோதும். இந்த வட்டத்துக்குள் எதுவும் மட்டமில்லை, அமைப்பில்தான் வேறுபடுகின்றன. எந்த அமைப்பு உங்கள் கைக்கும் இசைக்கும் ஒத்துவரும், நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு கிட்டார் சரியாகச் செட்டப் ஆகியிருக்கிறதா (வாசிக்கத் தோதாகத் திருத்தி அமைத்திருக்கிறதா) என்ற இரண்டும் பிராண்டைவிடப் பெரிய கேள்விகள்.

ஸ்குவயர், எபிஃபோன் எல்லாம் டூப்ளிகேட்டா?

இல்லை. ஸ்குவயர் முதலில் கம்பி தயாரித்த அமெரிக்க நிறுவனம். 1965-ல் ஃபெண்டர் அதை வாங்கியது. 1982 முதல் அந்தப் பெயரில் கிட்டார்கள் வருகின்றன. எபிஃபோன் ஒரு காலத்தில் கிப்சனின் நேரடிப் போட்டியாளர். 1957-ல் கிப்சன் பக்கம் வந்துசேர்ந்தது. ஸ்ட்ராட், டெலிகாஸ்டர் வடிவங்களை ஸ்குவயரும், லெஸ் பால், எஸ்ஜி வடிவங்களை எபிஃபோனும் தாய் நிறுவனத்தின் உரிமையோடே செய்கின்றன. ஜாக்சன், சார்வெல் என்ற கிட்டார் பிராண்டுகள் இரண்டும் 2002 முதல் ஃபெண்டரின் கையில்.

ஒரு எச்சரிக்கை: கிவ்சன் என்பது இந்திய பிராண்டு. கிப்சனுக்கும் அதற்கும் உறவில்லை. இணையத்தில் தேடும்போது ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தில் பலர் தடுமாறுகிறார்கள்.

ஃபெண்டர் பாணிக்கும் கிப்சன் பாணிக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

சந்தையிலுள்ள பெரும்பாலான கிட்டார்கள் இந்த இரண்டில் ஒன்றின் பிள்ளைகள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

முதலில் ஸ்கேல் லெங்த், அதாவது தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து பாடியில் அது உட்காரும் பிரிட்ஜ் வரை அதிரும் கம்பியின் நீளம். ஃபெண்டரில் 25.5 அங்குலம் (648 மி.மீ.), கிப்சனில் 24.75 அங்குலம் (சுமார் 628 மி.மீ.). முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், ஃபெண்டரில் சுமார் 6 சதவீதம் அதிக இழுப்பு இருக்கும். பெண்ட் செய்யும்போது (கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றும்போது) விரல் இதை உடனே உணரும். அதனால்தான் ஸ்ட்ராட்டில் 9 செட் (0.009 முதல் 0.042 அங்குலம்), லெஸ் பாலில் 10 செட் (0.010 முதல் 0.046) என்பது வழக்கமாயிற்று. சிறிய கை உள்ளவர்களுக்குக் கிப்சன் ஸ்கேலில் முதல் நான்கு ஃபிரெட்டுகளின் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) எட்டம் எளிது. 12-க்கு மேலே போனால் ஃபெண்டரில் விரலுக்கு இடம் அதிகம்.

இரண்டாவது வித்தியாசம் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் காந்தமும் சுருளும் (காயில்). ஸ்ட்ராட், டெலியின் சிங்கிள் காயில் பளிச்சென்று, ஒவ்வொரு கம்பியும் தனியாகத் தெரியும்படி ஒலிக்கும். கூடவே இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். 1955-ல் கிப்சனில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்களால் அந்த இரைச்சலை அடித்துவிடுகிறது. ஒலி தடித்து, உச்சஸ்தாயி சற்று மங்கும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்டு வாசிக்க இதுவே வசதி.

மூன்றாவது ஃபிரெட்போர்டின் (நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகை) வளைவு. பழைய ஃபெண்டர்களில் 7.25 அங்குல ஆரம், இன்றைய ஃபெண்டர்களில் 9.5, கிப்சனில் 12. எண் பெரிதாகப் பெரிதாகப் பலகை தட்டை. 7.25-ல் கார்டு பிடிக்கக் கை சுகமாக இருக்கும். ஆனால் ஆக்‌ஷனைத் (ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) தாழ்த்திவிட்டு மேல் ஃபிரெட்டுகளில் பெரிதாக பெண்ட் செய்தால் கம்பி அடுத்த ஃபிரெட்டில் முட்டி ஒலி செத்துவிடும்.

நான்காவது உறுதி. ஃபெண்டரின் நெக் திருகாணியால் பாடியோடு இணைந்தது, தலை தட்டையானது. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தப்பும். கெட்டால் நெக்கையே மாற்றிவிடலாம். கிப்சன் நெக் ஒட்டப்பட்டது. தலை 17 பாகை பின்னால் சாய்ந்திருப்பதால் அந்த இடத்தில் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்படுகிறது. ட்ரஸ் ராடுக்காக (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்த உலோகத் தண்டு) அங்கேயே பள்ளமும் தோண்டியிருப்பார்கள். ஸ்டாண்டில்லாமல் சுவரில் சாய்த்து வைத்த லெஸ் பால் முன்பக்கமாக விழுந்தால் உடைவது அந்த இடத்தில்தான். ஆகவே லெஸ் பால் வாங்குகிறவர் ஸ்டாண்டையும் அதே பில்லில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எடையையும் மறக்க வேண்டாம். லெஸ் பால் 4 கிலோவைத் தாண்டுவது சகஜம். ஸ்ட்ராட் பெரும்பாலும் மூன்றரை கிலோவைச் சுற்றி. எஸ்ஜி இலகுவானது, ஆனால் தோள்பட்டையில் மாட்டும் பட்டையில் தொங்கவிட்டால் தலைப்பக்கம் கீழே சரியும். சொரசொரப்பான தோல் பட்டை போட்டால் ஓரளவு நிற்கும்.

யமஹா, ஐபனேஸ், பி.ஆர்.எஸ். எங்கே பொருந்துகின்றன?

யமஹா பசிஃபிகா 1990 முதல் வருகிறது. 112வி மாடலில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டு சிங்கிள் காயில். டோன் குமிழை வெளியே இழுத்தால் ஹம்பக்கரில் ஒரு காயில் மட்டும் வேலை செய்யும். ஒரே கிட்டாரில் இரண்டு உலகமும் கிடைப்பதால் என்ன வாசிக்கப்போகிறோம் என்று தெரியாத புதியவருக்கு இதையே முதலில் சொல்வோம். அதைவிட மலிவான 012-ல் இந்த இழுக்கும் வசதி கிடையாது. பெயர் ஒன்றுதானே என்று வாங்கிவிட்டுப் பிறகு தேட வேண்டாம்.

ஐபனேஸ் ஜப்பானின் நகோயாவிலுள்ள ஹோஷினோ காக்கியின் பிராண்டு. 1987-ல் வந்த ஆர்ஜி வரிசைதான் அதன் அடையாளம்: மெல்லிய நெக் (ஆர்ஜி 421-ல் முதல் ஃபிரெட்டருகே சுமார் 19 மி.மீ. தடிமன்), தட்டையான பலகை, 24 ஃபிரெட். மெட்டல், வேக வாசிப்புக்கு என்றே செய்தது. கட்டைவிரலைப் பின்னால் ஊன்றாமல் மேலே சுற்றிப் பிடிக்கும் பழக்கமுள்ளவருக்கு இந்த மெல்லிய நெக் கொஞ்ச நேரத்தில் கையை வலிக்கச் செய்யலாம்.

பி.ஆர்.எஸ். (பால் ரீட் ஸ்மித்) 1985-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் தொடங்கியது. ஸ்கேல் 25 அங்குலம். ஃபெண்டருக்கும் கிப்சனுக்கும் நடுவே. இந்தியாவில் கைக்கெட்டும் எஸ்இ வரிசை இந்தோனேசியாவில் தயாராகிறது. பூச்சு, ஃபிரெட் வேலை இரண்டிலும் அந்த விலைக்கு எஸ்இயை மிஞ்சுவது கடினம் என்பது எங்கள் கருத்து.

எந்த நாட்டில் தயாரித்தது என்று பார்க்க வேண்டுமா?

பார்க்கலாம், ஆனால் பயப்பட வேண்டாம். கோர்-டெக் என்ற கொரிய நிறுவனம் தன் சொந்த பிராண்டான கோர்ட்டுக்கும், ஸ்குவயர், ஐபனேஸ், பி.ஆர்.எஸ். எஸ்இ போன்றவற்றுக்கும் இந்தோனேசியாவில் கிட்டார் செய்துகொடுக்கிறது. கூரை ஒன்று, எந்த பாகம், எவ்வளவு மெருகு, எத்தனை சோதனை என்பதை ஆர்டர் கொடுப்பவர் தீர்மானிக்கிறார். பெயருக்கு ஆசையில்லாதவர்கள் கோர்ட்டையே வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்துவது நல்ல தந்திரம்.

வரிசை எண்ணைப் பார்த்தே பல விஷயங்கள் தெரியும். ஃபெண்டரில் 'எம்எக்ஸ்' என்று தொடங்கினால் மெக்சிகோவின் என்செனாடா, 'யுஎஸ்' என்றால் அமெரிக்கா. அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. ஸ்குவயரில் 'ஐசிஎஸ்' என்றால் இந்தோனேசியாவில் கோர்-டெக் செய்தது. 2008-க்குப் பிந்தைய எபிஃபோன்களில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். இரண்டு வருடமாகக் கடையில் தொங்கிய கிட்டாரைப் 'புது வரவு' என்று விற்றால் இதில் பிடிபட்டுவிடும்.

எந்த மரம் என்பதைப் பார்த்து வாங்கலாமா?

ஆல்டரா, பாப்ளரா, மஹோகனியா என்று இரவெல்லாம் சண்டை போடுகிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் காதுக்குத் தெரியும் மாற்றத்தை முதலில் தருவது பிக்கப்பும் ஆம்பும் கம்பியும். பாடி மரத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது எடை ஒன்றே.

ஃபிரெட்போர்டு மரத்தில் மட்டும் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. ரோஸ்வுட் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், நம் ஈட்டி மரம். 2017-ல் சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தம் அந்த மரப் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததும், நிறுவனங்கள் பாவ் ஃபெரோ, இந்தியன் லாரல் என்று மாற்று தேடின. 2019 இறுதியில் முழுமையாகச் செய்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தபின் ரோஸ்வுட் திரும்பியது. ஸ்குவயரில் காணும் இந்தியன் லாரல் வேறொன்றுமில்லை, கருமருது. வெளிறிய நிறத்தைப் பார்த்து மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். எலுமிச்சை எண்ணெய் தடவினால் கருக்கும்.

ட்ரெமோலோ உள்ளது வாங்கலாமா?

ட்ரெமோலோ என்பது பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்க உதவும் அமைப்பு. முதல் கிட்டாருக்கு ஃப்ளாய்டு ரோஸ் வகை, அதாவது இரண்டு முனையிலும் கம்பியைப் பூட்டும் ட்ரெமோலோ, வேண்டாம். அதில் கம்பிகளின் இழுப்பும் பின்னாலுள்ள ஸ்பிரிங்குகளின் இழுப்பும் தராசு போல நிற்கின்றன. ஒரு கம்பி அறுந்தால் மீதி ஐந்தும் சுருதி ஏறிவிடும். கம்பியின் தடிமனை மாற்றினாலோ, சுருதியை அரைக்கட்டை இறக்கினாலோ மொத்தத்தையும் மறுபடி சமன் செய்ய வேண்டும்.

ஸ்ட்ராட் வகைச் சாதாரண ட்ரெமோலோ பரவாயில்லை. சுருதி நிற்கவில்லை என்றால் பின்மூடியைத் திறந்து, மூன்று ஸ்பிரிங்கை ஐந்தாக்கி, ஸ்பிரிங்குகளை மாட்டிய பிடியின் இரண்டு திருகுகளையும் இறுக்கிப் பிரிட்ஜைப் பாடியோடு படியவைத்துவிடலாம். அது ஃபிக்ஸட் பிரிட்ஜ் போலவே நடந்துகொள்ளும். இன்னொன்று: சுருதி போனால் எல்லாரும் முறுக்காணியைத்தான் குறைசொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி நட். ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் பாதி சரியாகும். மீதிக்குப் பள்ளத்தை உரிய அரத்தால் அகலப்படுத்த வேண்டும்.

கர்நாடக இசை வாசிக்க எது ஒத்துவரும்?

கமகத்துக்குக் கம்பியை இழுக்க வேண்டும், ஒரே கம்பியில் நீளமாக வழுக்க வேண்டும். கிட்டார் பிரசன்னா போன்றவர்கள் இதைச் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 12 அங்குலமோ அதைவிடத் தட்டையோ உள்ள பலகை, உயரமான ஃபிரெட், 9 செட் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். 7.25 ஆரமுள்ள பழைய பாணிக் கிட்டார்களை இதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

கடையில் என்னென்ன சோதிக்க வேண்டும்?

கம்பி துருப்பிடித்திருந்தால் மாற்றித் தரச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பாடிப் பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் நெக்கை நீளவாக்கில் பாருங்கள். லேசான குழிவு இருக்கலாம். ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம், முறுக்கை ட்ரஸ் ராட் சரிசெய்யாது.

பிறகு ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்தி வாசியுங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரைந்தால் அடுத்த ஃபிரெட் எழும்பியிருக்கிறது. நெக் முழுக்க இரைந்தால் அது செட்டப் விவகாரம், சரியாகும். முதல் கம்பியை 15-வது ஃபிரெட்டில் ஒரு முழு ஸ்வரம் இழுத்துப் பாருங்கள், ஒலி சாகக்கூடாது. நெக்கின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். ஃபிரெட் முனைகள் கீறினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. அரத்தால் சரிசெய்யலாம், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். முதல் கம்பி பலகையின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறதா? திருகாணியால் இணைத்த நெக் என்றால் நான்கு திருகையும் லேசாகத் தளர்த்தி நெக்கை நகர்த்தி இறுக்கினால் போதும். ஒட்டிய நெக்கில் அது முடியாது.

நட்டைச் சோதிக்க: கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்துங்கள், முதல் ஃபிரெட்டின் மேல் முடியளவு இடைவெளி தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால் நட் உயரம். புதியவர்களுக்கு எஃப் கார்டு வராததற்குப் பாதிக் காரணம் இதுதான். இடைவெளியே இல்லையென்றால் திறந்த கம்பி இரையும்.

கடைசியாக ஆம்பில் மாட்டி, ஸ்விட்சின் எல்லா நிலையிலும் வாசியுங்கள், குமிழ்களைத் திருப்புங்கள், கேபிளை ஜாக்கில் அசைத்துப் பாருங்கள்.

ஸ்ட்ராட் வாங்கினேன், 'ம்ம்ம்' என்று இரைகிறது. பழுதா?

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது சிங்கிள் காயிலின் இயல்பு. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் சோக், டிம்மர், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அது வாங்கும். ஸ்விட்சை இரண்டாம் அல்லது நான்காம் நிலையில் வைத்தால், நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக உள்ள இன்றைய கிட்டார்களில், இரைச்சல் அடங்கும். தொட்டதும் அதிகமானால் உள்ளே எர்த் ஒயர் விட்டிருக்கலாம். திறந்து பற்றவைக்க வேண்டும். கம்பியைத் தொட்டபடி மைக்கைத் தொடும்போது சுருக்கென்று அடித்தால் கிட்டார் பிரச்சினையே அல்ல, வீட்டு எர்த்திங் கோளாறு. உடனே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

செட்டப் என்றால் என்ன? நானே செய்யலாமா?

வரிசை முக்கியம்: புதுக் கம்பி போட்டுச் சுருதி சேர்ப்பது, நெக் குழிவு, ஆக்‌ஷன், இன்டோனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக நிற்கச் செய்வது), பிக்கப் உயரம். முன்னதைச் செய்யாமல் பின்னதைத் தொட்டால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

குழிவுக்கு: முதல் ஃபிரெட்டில் கேபோ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, ஆறாம் கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்தி, எட்டாவது ஃபிரெட்டின் மேல் இடைவெளியை அளக்க வேண்டும். சுமார் 0.25 மி.மீ. சரி. டூவீலர் மெக்கானிக்குகள் டாப்பெட் வைக்கும் ஃபில்லர் கேஜ் இதற்கு அப்படியே உதவும், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். ட்ரஸ் ராடை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். அமெரிக்கத் தயாரிப்பு ஃபெண்டரில் அங்குல ஆலன் கீ, ஆசியத் தயாரிப்பில் பெரும்பாலும் மில்லிமீட்டர். 'கிட்டத்தட்டப் பொருந்துகிறதே' என்று மாற்றிப் போட்டால் உள்முனை மழுங்கிவிடும்; அதை மீட்பது பெரிய வேலை.

ஆக்‌ஷன், 12-வது ஃபிரெட்டில் ஆறாம் கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.5 மி.மீ. என்று தொடங்கலாம். இன்டோனேஷனுக்கு, 12-ல் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியதில் சுருதி ஏறியிருந்தால் சாடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு) பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. சிங்கிள் காயில் பிக்கப்பைக் கம்பிக்கு மிக அருகே ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி கோணலாகும். கடைசி ஃபிரெட்டை அழுத்திய நிலையில் பாஸ் பக்கம் 2 மி.மீ. விட்டால் பாதுகாப்பு.

பணம் முழுவதையும் கிட்டாருக்கே போடலாமா?

வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை ஆம்ப், கேபிள், ட்யூனர், முதல் செட்டப் இவற்றுக்கு ஒதுக்குங்கள். கிட்டாரை நேராக ஹோம் தியேட்டரிலோ மிக்சரின் சாதாரண லைனிலோ செருகினால் ஒலி மங்கிப்போகும். பிக்கப்புக்குச் சுமார் 1 மெகா ஓம் உள்ளீடு வேண்டும். ஆம்பிலும் ஆடியோ இன்டர்ஃபேஸின் 'இன்ஸ்ட்ருமென்ட்' நுழைவிலும் அது இருக்கும்.

கடலோர ஊரில் இருக்கிறேன். ஏதாவது கவனிக்கணுமா?

உப்புக்காற்றில் முதலில் போவது கம்பி, அடுத்து சாடிலின் குட்டித் திருகுகள். வாசித்து முடித்ததும் உலர்துணியால் துடையுங்கள். பூச்சுள்ள கம்பி விலை அதிகமானாலும் இங்கே கட்டுப்படியாகும். ஏசி அறையில் ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் தொங்கவிடாதீர்கள். கிப்சனின் நைட்ரோ பூச்சு சில ரப்பர் ஸ்டாண்டுகளோடு வினைபுரிந்து கறையாகும். ஸ்டாண்டில் பருத்தித் துணி சுற்றுங்கள்.

பழைய கிட்டார் வாங்கும்போது, குறிப்பாக கிப்சன் என்று சொல்லி விற்றால்?

போலி லெஸ் பால்கள் ஏராளம். தலையிலுள்ள மணி வடிவ மூடியில் அசலுக்கு இரண்டு திருகு; போலிகளில் பல சமயம் மூன்று. மூடியைக் கழற்றினால் அசலில் பித்தளை அறுகோண நட்டு தெரியும், குழல் ஸ்பேனரால் திருப்புவது. ஆலன் கீ துளை இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அசல் என்று உறுதியானபின், தலைக்கும் நெக்குக்கும் இடையே பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரிந்தால் உடைந்து ஒட்டியது. நன்றாக ஒட்டியிருந்தால் வாசிக்கலாம், ஆனால் முழு விலை கொடுக்கக்கூடாது.

எந்த பிராண்டானாலும் முதல் மூன்று ஃபிரெட்டில் கம்பி அறுத்த பள்ளத்தைப் பாருங்கள். ஆழமென்றால் ஃபிரெட் மாற்றும் செலவு காத்திருக்கிறது. ட்ரஸ் ராட் இரு பக்கமும் கால் சுற்று திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்ட்ராட்டில் சாடில் திருகுகள் துருவேறி இறுகியிருந்தால் புது செட் போட வேண்டியிருக்கும். வாங்குமுன் முதல் கம்பியிலிருந்து ஆறாம் கம்பி வரை சாடில்களின் நடுவே அளந்துகொள்ளுங்கள்: சுமார் 52 மி.மீ. ஒரு வகை, 56 மி.மீ. இன்னொரு வகை, ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சரியாக உட்காராது.